பச்சைக்கு அடியில்

மூன்றாவது பேட்டரியையும் கொதிக்க வைத்துக்
கொண்டு வந்திருக்கிறாய், டெல்மிரோ.
பானட்டைத் தூக்கினாலே மூக்கில் அமிலம் ஏறுகிறது.
தெர்மாஸ் கக்கத்தில், மாத்தே கையில்,
மொந்தெவிதேயோவில் ரெகுலேட்டர் விற்றவனை
அவன் முப்பாட்டன் வரை இழுத்துத் திட்டுகிறாய்.
திட்டு. அதுவரை நான் டப்பாவைத் திறக்கிறேன்.

கறுப்பு மூடிக்குக் கீழே இரண்டு சுருள்கள்.
ஒன்று கதவு:
டைனமோ ஓய்ந்த நேரம் பார்த்து
பேட்டரியின் மின்சாரம் வந்த வழியே
இறங்கிப் போய்விடாமல் சாத்திக்கொள்ளும்.
மற்றதற்கு ஒரே வேலை,
போதும் என்று சொல்வது.
நொடிக்கு ஐம்பது தடவை சொல்கிறது,
ஐம்பது தடவையும் உடனே மறக்கிறது.
காதை வைத்துப் பார்,
புட்டிக்குள் அடைபட்ட ஈ.

போதுமென்ற மனமே பொன்செய்யும் மருந்தாம்.
இந்த மருந்தின் அளவு
சுண்டுவிரல் நகத்தில் கால்வாசி, ஒரு டங்ஸ்டன் முனை.
கறுத்திருக்கிறது, கருகவில்லை.
உப்புத்தாளை உள்ளே வை,
அதன் மணல் முனையில் புதைந்து
நாளைக்கு இன்னொரு கதை சொல்லும்.
மெல்லிய அரம், இரண்டு இழுப்பு,
ஸ்பிரிட்டில் நனைத்த துணி. அவ்வளவுதான்.

பையில் கிடந்த பேருந்துச் சீட்டை மடித்து
கதவின் இரு உதடுகளுக்கு நடுவே செருகுகிறேன்.
எஞ்சினை முடுக்கு.
இன்னும் கொஞ்சம்.
பதினாறில் நிற்க வேண்டிய முள்
பத்தொன்பதில் நிற்கிறது.

திருகாணியின் தலையில் புதுக் கீறல்.
யார் கை வைத்தது?
நீ மாத்தேயை உறிஞ்சுகிறாய், தண்ணீர் தீர்ந்த சத்தம்.
ஒவ்வொரு பேட்டரி செத்தபோதும்
கால் சுற்றுத் தளர்த்தினாயாம்.

சரி, மீட்டரின் ஒரு கம்பியை
டப்பாவின் எர்த் முனையில் வைக்கிறேன்,
மறுகம்பியை எஞ்சின் மேல்.
ஒன்றுமே காட்டக் கூடாது.
மூன்று காட்டுகிறது.
இரும்புக்கும் இரும்புக்கும் நடுவே
யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள்.

போல்ட்டைக் கழற்றினால், பச்சை.
மகள் நெய்ரித்தின் பதினைந்தாம் பிறந்தநாளுக்கு
கம்பளி மூட்டை ஏற்றுகிற இந்தக் கிழட்டு பெட்ஃபோர்டை
நீயே நின்று அடித்த பச்சை,
மூன்று பூச்சு,
வாஷருக்கு அடியிலும்கூட.
அழகான வேலைதான், அதைச் சொல்லியே ஆகவேண்டும்.

அந்தச் சுருள் பொய் சொல்லவில்லை, டெல்மிரோ.
மூன்றை நடுவழியில் யாரோ எடுத்துக்கொண்டதால்
பதினாறு என்று நம்பி
பத்தொன்பதை அனுப்பிக்கொண்டிருந்தது.

கத்தி எடுக்கிறேன். ஒரு பெசோ காசளவு.
நீ திரும்பி யூகலிப்டஸ் வரிசையை
எண்ணத் தொடங்கிவிட்டாய்.
உரித்த இடத்தில் வெறும் இரும்பு,
பிறந்த குழந்தையின் நெற்றி மாதிரி பளபளப்பு.

போல்ட்டை முறுக்கியதும் முள் விழுகிறது,
பதின்மூன்றரை.
பொய்க்குச் சரிகட்டிய கணக்கு
உண்மை வந்ததும் கடனாகிவிட்டது.
உன் சுற்றுகளையெல்லாம் திருப்பித் தருகிறேன்,
சுருள் சூடேறும் முன், அரை நிமிடத்துக்குள்.
ஜூன் மாதக் குளிரில் என் விரல்
திருகுளியோடு சேர்ந்து உறைந்திருக்கிறது.
பதினாறு. ஒரு மயிரிழை மேலே.
குளிருக்கு அது சரி.

சீட்டை உருவுகிறேன். கதவு 'டிக்'கென்று மூடுகிறது.
ஆம்மீட்டரின் முள் நடுவைத் தாண்டி
கொஞ்சம் வலப்பக்கம் சாய்ந்து
அங்கேயே இருக்கிறது.

மொந்தெவிதேயோக்காரனுக்கு
ஒரு போன் போட்டுவிடு.
அவன் முப்பாட்டனுக்கும் சேர்த்து.

வண்டியில் ஏறும்போது கேட்கிறாய்,
அந்தக் காசளவு இடம் துருப்பிடிக்காதா?
கிரீஸ் தடவியிருக்கிறேன்.
டப்பாவுக்குப் பின்னால், யார் கண்ணும் போகாத இடம்,
நெய்ரித்தே பார்க்கமாட்டாள்.
நீ எதையோ யோசிக்கிறாய்.
எனக்குத் தெரியும் நீ என்ன யோசிக்கிறாய் என்று.
தூரிகையை வீட்டிலேயே வை.